வளவில் வளரும் நாய்

செட்டிநாட்டில் நாய் வளர்க்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது காவல் என்னும் எண்ணம்தான். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள், ஆண்டில் ஓரிரு முறை முன்னோரை வழிபடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் கதவுகள், பர்மாத் தேக்கின் மேல் கண் வைத்திருக்கும் திருடர்கள் என்று இவ்வளவும் உள்ள ஊரில் அந்த எண்ணம் எழுவதில் வியப்பில்லை. கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் மீண்டும் குடியேறி, வாழ்வில் முதன்முறையாக ஒரு நாய்க்குட்டியை வளர்க்க நான் முடிவு செய்தபோது, "இவ்வளவு பெரிய வீட்டுக்கு ஒரு நாய் போதுமா?" என்று கேட்டவர்களே மிகுதி. "குட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டவர் கால்நடை மருத்துவர் ஒருவர்தாம். வீட்டின் பரப்பை அவர் விசாரிக்கவேயில்லை. பகலில் எத்தனை மணி நேரம் குட்டி தனியாக இருக்க நேரும், வெளியூர் போனால் யாரிடம் விடுவீர்கள், மாதந்தோறும் செலவு செய்ய இயலுமா என்றே கேட்டார். நாய் வளர்ப்பில் எனக்குத் தெரிந்த எல்லாமும் அந்த மூன்று கேள்விகளிலிருந்துதான் விரிந்தன.

குட்டி எங்கிருந்து வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. காரைக்குடிப் பக்கம் இப்போது ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற பனிநாட்டு இனங்களைக்கூடச் சிலர் வாங்கி வளர்க்கிறார்கள். அடர்ந்த இரட்டை மயிர்ப்போர்வையோடு குளிருக்கென்றே உருவான விலங்கை, வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊரில் வைத்திருப்பது அதற்கு நாள்தோறும் துன்பம் கொடுப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து. நம் நாட்டு இனங்களிலும் தெரிந்து தேர்வு செய்ய வேண்டும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டவை. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனங்களின் அஞ்சல்தலை வரிசையில் ராஜபாளையமும் இடம்பெற்றது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த நாய்களுக்கு நாள்தோறும் ஓட வெட்டவெளி வேண்டும், உறுதியாகப் பழக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். முதன்முறையாக வளர்ப்பவருக்கும், முதியவர் உள்ள வீட்டுக்கும் சாதாரண நாட்டு நாயே ஏற்றது என்று எனக்குத் தோன்றியது. ஊருணிக் கரையை ஒட்டி இடிந்து கிடந்த வண்டிக்கொட்டகை ஒன்றில் தெருநாய் ஈன்றிருந்த குட்டிகளுள் செம்பட்டை நிறக் குட்டியைப் பார்த்து வைத்தோம். எட்டு வாரம் நிறையும்வரை தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டிக்கு வலிக்கும் என்பதை உடன்பிறந்தவற்றோடு விளையாடும் அந்த வாரங்களில்தான் குட்டி கற்கிறது. அதுவரை தாய்நாய்க்கு நாங்கள் சோறும் முட்டையும் கொண்டுபோய் வைத்தோம். எட்டு வாரம் நிறைந்ததும் அழைத்து வந்த குட்டிக்குச் செவலை என்று பெயரிட்டோம்.

எங்களுடையது பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. வளவு என்னும் நடு முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு கிளைக்கும் உரிமை உண்டு. ஆகையால் குட்டியைக் கொண்டு வருவதற்கு முன்பே அனைவரிடமும் பேசி, எது எதுவரை அது வரலாம் என்று முடிவு செய்துகொண்டோம். சாமி அறையும் படைப்புச் சாமான் வைத்திருக்கும் அறையும் கூடாது, வளவுக்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டும் தோட்டமும் அதன் இடம், வளவில் ஆள் இருக்கும்போது மட்டும் வரலாம். ஆத்தாவுக்கு நாய் வீட்டுக்குள் வருவதில் தொடக்கத்தில் விருப்பமில்லை. அவருடைய தயக்கத்தை நாங்கள் மதித்தோம், வாதிடவில்லை. வீட்டில் உள்ளவர்களில் ஒருவர் உள்ளே வரவழைப்பதும் மற்றொருவர் விரட்டுவதுமாக இருந்தால் குட்டி குழம்பிப்போகும். எந்த விதியை வகுக்கிறோம் என்பதைக் காட்டிலும் எல்லாரும் ஒரே விதியைக் கடைப்பிடிக்கிறோமா என்பதே முக்கியம். பொது வீடுகளில் வாழ்பவர்கள் இந்தப் பேச்சை முன்னதாகவே முடித்துக்கொள்வது நல்லது. பிறகு எழும் மனத்தாங்கலில் அடிபடுவது வாயில்லாத சீவன்.

முதல் சில இரவுகள் எந்தக் குட்டியும் அழும். தாயின் சூடும் உடன்பிறப்புகளின் நெருக்கமும் திடீரென்று இல்லாமற்போவதால் வரும் அழுகை அது. "அழுதால் போகாதே, செல்லம் கொடுத்தால் கெட்டுவிடும்" என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய. நான் அதை ஏற்கவில்லை. இரண்டாங்கட்டில் என் கட்டிலின் அருகே ஓர் அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து, நைந்துபோன கண்டாங்கிச் சேலை ஒன்றை மடித்து விரித்து, கை எட்டும் தொலைவில் படுத்துக்கொண்டேன். அழும்போது கையை நீட்டி முதுகில் வைத்தால் அடங்கியது. இரண்டு மூன்று மாதக் குட்டி நாளில் 18 முதல் 20 மணி நேரம்வரை தூங்கும். தூங்கும் குட்டியைப் பிள்ளைகள் எழுப்பி விளையாடாமல் பார்த்துக்கொள்வதே தொடக்க வாரங்களில் பெரிய வேலை.

அடுத்தது சிறுநீர், மலம் கழிக்கப் பழக்குவது. இதில் அடியும் அதட்டலும் பயன்தருவதில்லை, நேரம்தான் பயன்தரும். தூங்கி எழுந்தவுடன், உண்டு முடித்த சற்று நேரத்தில், விளையாடி ஓய்ந்தவுடன் என்று இந்த மூன்று தருணங்களிலும் குட்டியைத் தோட்டத்தில் ஒரே இடத்துக்குத் தூக்கிச் சென்று நிற்க வேண்டும். கழித்து முடித்த அந்தக் கணத்திலேயே பாராட்டி ஒரு சிறு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுக்க வேண்டும். அரை நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது அதற்குப் புரியாது. வீட்டுக்குள் கழித்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதனால் குட்டி கற்பது ஒன்றே: மனிதர் கண்ணெதிரில் கழிக்கக் கூடாது, அலமாரிக்குப் பின்னால் போய்க் கழிக்க வேண்டும். மூன்று மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது, இரவிலும் ஒருமுறையாவது எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பாவிய வீட்டில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியின் மேல் நிறக்கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் சேர்த்து, கையால் வார்க்கும் கல் அது. ஆசிட் கலந்த கழுவு நீர் பட்டால் நிறம் மங்கிவிடும், ஃபினைலோ நாயின் பாதத்தில் ஒட்டி, அது நக்கும்போது வயிற்றுக்குள் போகும். ஆகவே துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து உலர விடுவதே எங்கள் வழக்கம். வாடை எஞ்சியிருந்தால் குட்டி அதே இடத்துக்குத் திரும்ப வரும். இரண்டாவது, ஆண்டாண்டுக் காலமாக எண்ணெய்த் துணியால் துடைத்து மெருகேறிய தரை குட்டியின் காலுக்கு வழுக்கும். வளரும் மூட்டுகளுக்கு அது நல்லதன்று. அது ஓடியாடும் இடங்களில் கயிற்றுப் பாய்களை விரித்து வைத்தோம்.

தடுப்பூசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் "தெருநாய்க் குட்டிதானே, அதற்கு என்ன ஆகப்போகிறது" என்ற அலட்சியம் இங்கே வேரோடியிருக்கிறது. பார்வோ என்னும் வைரஸ் நோய் குட்டிகளைச் சில நாள்களில் கொண்டுபோய்விடும். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் கண்டு, நீர்ச்சத்து வற்றிச் சாகும். அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள்வரை உயிரோடிருக்கும் என்பதால், முன்பு ஒரு குட்டி இறந்த தோட்டத்தில் அடுத்த குட்டியை உடனே கொண்டுவந்து விடுவது ஆபத்து. பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை அடுத்தடுத்த ஊசிகள் என்று போட வேண்டும். தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி முழுமையாக வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் குறையும் என்று சொல்ல முடியாததால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் தொடர்ந்து போடுகிறார்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பும் பல கூட்டுத் தடுப்பூசிகளில் சேர்ந்தே வருகிறது. பழைய வீடுகளில் எலிக்குப் பஞ்சமில்லை என்பதால் அது உள்ள ஊசிதானா என்று கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். குடற்புழு மருந்தை மூன்று மாதம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எடைக்கேற்ற அளவில் கொடுக்கச் சொன்னார் எங்கள் மருத்துவர். குட்டியின் வயிறு மட்டும் உப்பி விலா எலும்பு தெரிந்தால், அது பெரும்பாலும் புழுவின் வேலைதான், கொழுப்பன்று.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதம் நிறைந்ததும் போட்டு, ஓராண்டில் மீண்டும் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் தொடர வேண்டும். மனிதருக்கு வரும் ரேபிஸ் நோயில் 99 விழுக்காடுவரை நாய்களின் வழியாகவே வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு அந்த ஊசியைப் போட்டுக் காட்டினார், 1907இல் குன்னூரிலேயே பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ள தடுப்பு இது என்பதை நினைக்கும்போது, நாய்க்கடிக்கு மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பும் வழக்கம் இன்றும் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. பல் முளைக்கும் பருவத்துக் குட்டி விளையாட்டாகக் கடிக்கத்தான் செய்யும். பல் பட்டுத் தோல் கிழிந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றே போய்விட வேண்டும். ஊசி அங்கே இலவசம். தன் வீட்டு நாய்தானே என்று தானாக முடிவு செய்யாமல், ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுவதே முறை.

தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. அதே வேளையில், குட்டி உலகத்தைப் பார்த்து அச்சம் நீங்கிப் பழகும் பருவமும் மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம்வரை உள்ள அந்தக் காலம்தான். ஆகவே செவலையைத் தோளில் சார்த்திக்கொண்டு மாலை வேளைகளில் செட்டிநாடு ரயில் நிலையம்வரை நடந்துபோவேன். ரயில் வரும் ஓசை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் இரைச்சல், டிராக்டர், தலைப்பாகை கட்டியவர், குடை பிடித்தவர் என்று எல்லாவற்றையும் கையிலிருந்தபடியே அது பார்த்தது. இன்று அது யாரைக் கண்டும் காரணமின்றிக் குரைப்பதில்லை. காவலுக்கு ஆகாது என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அஞ்சிக் கடிக்கும் நாயைவிட அமைதியான நாய்தான் பாதுகாப்பானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

உணவில் எங்கள் ஊருக்கென்று தனியான கவனம் வேண்டும். செட்டிநாட்டுக் குழம்பு எதுவும் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கொதிப்பதில்லை. இந்த இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை, தின்ற அன்றே எதுவும் தெரியாமல் சில நாள் கழித்துச் சோர்வும் ஈறு வெளுப்புமாக வெளிப்படும். மீந்த குழம்புச் சோற்றை நாய்க்கு வைப்பது தலைமுறை வழக்கமாக இருக்கலாம், எங்கள் வீட்டில் அதை அடியோடு நிறுத்தினோம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் சாக்லேட்டும் சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்திவிடும். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலைச் செரிக்கும் திறன் குறைவதால், பாலும் பிஸ்கட்டுமாக வளர்ப்பதும் வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

சோறு, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி அல்லது முட்டை, பூசணி, கேரட் என்று ஒரு வேளையும், குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீவனம் மற்ற வேளைகளுமாகக் கொடுக்கிறோம். வீட்டுச் சமையலை மட்டும் கொடுப்பதானால் சுண்ணாம்புச் சத்து போதாமற்போகும், மருத்துவரைக் கேட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். தொடக்கத்தில் நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு என்று குறைத்தோம். தட்டை வைத்துக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடுவோம். நேரம் தவறாமல் உண்ணும் நாய் ஒரு வேளை முகம் திருப்பினால், உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

பழைய வீட்டில் நாய்க்கு ஆபத்தான பொருள்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பட்டுச் சேலைப் பெட்டிகளிலும் தேக்கு அலமாரிகளின் அடித்தட்டிலும் போட்டு வைக்கும் அந்துருண்டை நஞ்சு, உருண்டு வந்தால் குட்டி அதை விளையாட்டுப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். மச்சில் வைக்கும் எலி மருந்தைத் தின்றாலும் ஆபத்து, அதைத் தின்று செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து. தோட்டத்தில் அடுக்கிய விறகும் உடைந்த ஓட்டுக் குவியலும் பாம்புக்கு உறைவிடம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் உள்ள ஊர் இது, நாயோ மூக்கை நீட்டித்தான் எதையும் அறியும். விறகடுக்கைச் சுவரோரத்திலிருந்து அகற்றிப் பலகை மேல் உயர்த்தி அடுக்கியது செவலைக்காகச் செய்த வேலை என்றாலும் எங்கள் அனைவருக்கும் பயனாயிற்று.

இவை எல்லாவற்றையும்விட இந்தப் பகுதியில் நாய் வளர்ப்பவரை வாட்டுவது உண்ணி. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை போல் நாயின் காதோரத்தில் தொங்குவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அது நாயின் மேல் முட்டையிடுவதில்லை. உதிர்ந்து, ஊர்ந்து, சுவரின் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் நுழைந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குடிக்க இரத்தமின்றியே பல மாதங்கள் காத்திருக்கவும் அதனால் இயலும். நூறாண்டுப் பழமையுள்ள தேக்கு நிலைகளும் சுண்ணாம்புக் காரைச் சுவர்களும் உள்ள வீட்டில் இடுக்குக்குக் குறைவேது? நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால், அடுத்த மாதம் மீண்டும் அதே நிலைதான்.

நாள்தோறும் மாலையில் டார்ச் விளக்கோடு உட்கார்ந்து செவலையைத் தடவிப் பார்ப்பது என் வேலை. காது மடலின் உட்புறம், பின் காதுக்குக் கீழுள்ள மடிப்பு, கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, அக்குள், கடைசியாகப் பாதத்தின் விரலிடுக்கு என்று எப்போதும் ஒரே வரிசையில் பார்ப்பேன். விரலிடுக்கைத் தொட்டால் முதலில் காலை இழுத்துக்கொள்ளும், உள்ளங்கையில் பாதத்தைச் சற்று நேரம் தாங்கியிருந்தால் விட்டுக்கொடுக்கும். மிளகளவுகூட இல்லாத இளம் உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. கழுத்தின் பின்புறம் விடும் சொட்டு மருந்தோ மெல்லும் மாத்திரையோ, இரண்டும் எடையைப் பார்த்து மருத்துவர் தர வேண்டியவை. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை மீதமிருக்கிறதே என்று நாய்க்குத் தெளிப்பதும், மண்ணெண்ணெய் தடவுவதும் இங்கே கண்கூடு. நாய் தன் உடம்பை நக்கும் என்பதை ஒரு கணம் நினைத்தால் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் உண்ணாது, ஒதுங்கிப் படுக்கும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம் வரும். செவலைக்கு ஒருமுறை வந்தது. இரத்தப் பரிசோதனையில் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் கிருமி என்று தெரிந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை முழு மாதமும் கொடுத்து மீட்டோம். சில நாளிலேயே துள்ளத் தொடங்கிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாமலிருப்பதுதான் இதில் முக்கியம். அந்த ஆண்டு நிலைக்கதவுகளின் இடுக்குகளையெல்லாம் சுண்ணாம்பும் மரத்தூள் பசையும் கொண்டு அடைத்தோம்.

கோடையில் நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே அது உடலைக் குளிர்விக்கும் வழி. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும், 41ஐக் கடந்தால் உயிருக்கு ஆபத்து. அக்னி நட்சத்திர நாள்களில் விடிந்ததும் நடை, பிறகு பொழுது சாய்ந்து தரை ஆறிய பின்னரே நடை. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயையும் அதில் நடத்தக் கூடாது. நம் முன்னோர் இந்த வெயிலை எண்ணித்தான் உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் முற்றமுமாக வீட்டைக் கட்டினார்கள். பகல் பதினோரு மணிக்குச் செவலை வளவின் வடக்கு ஓரத்துக் கல் தரையில் வயிற்றை ஒட்டிப் படுக்கும், வெயில் திரும்பத் திரும்ப இடத்தை மாற்றிக்கொண்டே போகும். அந்த வீட்டைக் கட்டிவிட்டு, நாயை மட்டும் பின்வாசல் தகரக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிப் போடுவதைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை. மயங்கிச் சரிந்த நாய்க்குப் பனிக்கட்டி நீர் ஊற்றாமல், சாதாரணக் குளிர்நீரால் வயிறு, தொடை, பாதங்களை நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்தபடியே மருத்துவரிடம் கொண்டு ஓட வேண்டும்.

கூட்டமும் வெடியும் அடுத்த சோதனை. படைப்பு நாளில் நாற்பது ஐம்பது பேர் கூடும்போது நாயைக் கட்டிப் போட்டுப் பிள்ளைகள் நடுவில் விடுவது கூடாது. தோட்டத்தை ஒட்டிய அறையில் தண்ணீரும் மெல்ல ஒரு பொருளும் வைத்து அடைத்துவிடுவோம், தெரிந்த ஒருவர் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். நாம் 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்போமென்றால் நாய் 45,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும், ஓசையின் வீச்சும் அதற்குக் கூடுதலாகத் தெரியும். தீபாவளிக்கு வளவின் உள்ளறை ஒன்றில் கனத்த கதவைச் சாத்திக்கொண்டு நான் அதனோடு இருந்துவிடுவேன். பக்கத்தில் இருந்து தடவிக்கொடுத்தால் அச்சம் வளர்ந்துவிடும் என்று சொல்வதில் உண்மையில்லை. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம் மாவட்டத்திலேயே அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்பதைத் தெருப் பிள்ளைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். சிலர் கேட்டு, எங்கள் வாசலைத் தாண்டிப் போய் வெடிக்கிறார்கள். அந்த அளவுக்கு எனக்கு நிறைவுதான்.

குளிப்பாட்டுவதும் நகம் வெட்டுவதும் பெரிய வேலையல்ல. மாதம் ஒருமுறை குளியல் போதும், மனிதருக்கான சோப்பு வேண்டாம். கருத்தடையில் மட்டும் தாமதம் கூடாது. செவலை பெண் நாய். ஆறு மாதத்தை ஒட்டி மருத்துவர் உடம்பைப் பரிசோதித்து நாள் குறித்துக் கொடுத்தார். பெண் குட்டி என்றாலே ஊருணிக் கரையில் கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் ஒழிய வேண்டுமானால் வழி இது ஒன்றுதான். வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன. நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்றான வைரவன்கோயிலில் தேய்பிறை அஷ்டமிதோறும் கூட்டம் அலைமோதுகிறது, வைரவரின் வாகனம் என்று அன்றைக்குத் தெருநாய்களுக்கு இனிப்பும் பிஸ்கட்டும் கிடைக்கின்றன. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். அந்தச் செலவில் ஒரு பகுதியைத் தன் தெருவில் உள்ள ஒரு பெண் நாயின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஒதுக்கினால், வைரவருக்கும் அது உவப்பாகவே இருக்கும் என்று நம்புகிறேன். செவலையின் தாய்க்கு எங்கள் தெருவார் சேர்ந்து அப்படித்தான் செய்தோம்.

அண்மையில், தேவகோட்டையில் பூட்டிய வீடு வைத்திருக்கும் அண்ணன் முறை உறவினர் ஒருவர் பெங்களூரிலிருந்து பேசினார். "தம்பி, செவலை மாதிரி ஒரு குட்டி பார்த்துக் கொடுப்பா. பின்கட்டில் கட்டிப் போட்டுவிட்டு, ராத்திரி வாட்ச்மேனைச் சோறு வைக்கச் சொல்லிவிடுகிறேன்" என்றார். பார்த்துத் தர இயலாது என்று சொன்னேன். பகல் முழுதும் தனியே சங்கிலியில் கிடக்கும் நாய் ஓயாமல் குரைக்கும், பக்கத்து வீட்டார் சகித்துக்கொள்ள மாட்டார்கள், உண்ணி ஏறினாலும் காய்ச்சல் கண்டாலும் பார்க்க ஆளில்லை, அவிழ்த்துவிட்டால் யாரையாவது கடிக்கும் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். "வீட்டைப் பார்க்க கேமராவும் நல்ல பூட்டும் போதும் அண்ணே. நாயைப் பார்க்க நீங்கள் அங்கே இருக்கணும்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, பணி ஓய்வு பெற்று ஊரோடு வந்து தங்கும்போது வளர்க்கலாமா என்று கேட்டார். அப்போது கட்டாயம் வளர்க்கலாம், ஊருணிப் பக்கம் நானே உங்களோடு வந்து குட்டி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதற்கு முன் செய்து வைக்க வேண்டியவற்றைச் சொன்னேன்: தேவகோட்டையில் நாய் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து வைப்பது, பங்காளிகள் அனைவரிடமும் பேசிவிடுவது, அண்ணி எந்தெந்தப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்வது. ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி அவர் எழுதிக்கொண்டார்.